குடுமியைப் பார்த்தேன், தலையைப் பார்க்கவில்லை

காலை ஏழரை மணி இருக்கும். குன்றின் அடிவாரத்தில், பட்டுப்போன மரம் ஒன்றின் உச்சிக் கிளையில் அது உட்கார்ந்திருந்தது. வழக்கமாகப் பார்க்கும் கரும்பருந்தைவிடக் கொஞ்சம் பெரிது போலத் தெரிந்தது. பழுப்பு முதுகு, வெளிறிய நெஞ்சு, நெஞ்சில் கருங்கீற்றுகள், தொண்டை நடுவே ஒரு கறுப்புக் கோடு. காற்று அடித்தபோது பின்தலையில் நாலைந்து இறகுகள் எழுந்து நின்றன. குடுமி! பைனாகுலரைக் கண்ணிலிருந்து இறக்குவதற்குள் பெயர் வாய்க்கு வந்துவிட்டது. குடுமிக் கழுகு.

இரண்டு நாளுக்கு முன்புதான் கையேட்டில் குடுமிக் கழுகின் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்திருந்தேன். அதுவரை அதை நேரில் பார்த்த நிச்சயம் எனக்கு இல்லை. மூன்று வருடப் பதிவுகளில் அந்தப் பெயரைச் சில இடங்களில் எழுதியிருந்தேன், ஆனால் எல்லாமே தூரத்தில் பறந்துபோனவை. இது கண்ணெதிரே, உட்கார்ந்த நிலையில். கை நடுங்கியது. இன்னும் கொஞ்சம் நெருங்கினால் நல்ல படம் கிடைக்கும் என்று பத்தடி முன்னால் வைத்தேன். அது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது, இறக்கையை விரித்தது, குன்றைச் சுற்றிப் போய்விட்டது. மொத்தம் நான்கு நிமிடம். அந்தப் பத்தடியை வைக்காமல் இருந்திருந்தால் நாற்பது நிமிடம்கூடக் கிடைத்திருக்கலாம். இரைகொல்லிகள், அதாவது கழுகு, பருந்து போன்ற வேட்டைப் பறவைகள், பல மணிக்கணக்கில் ஒரே கிளையில் உட்காரும், நாம்தான் உட்காருவதில்லை.

ஒன்பது படங்கள் இருந்தன. நன்றாக வந்த ஒன்றை மட்டும் பறவை நண்பர்களுக்கு அனுப்பினேன். வாழ்த்துகள் வந்தன. சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டார். அண்ணன் என்றால் உறவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகப் பறவை பார்ப்பவர், எங்களில் பாதிப் பேருக்குப் பைனாகுலர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர்.

“படத்தை அப்புறம் பார்க்கிறேன்மா. பேரையும் விடு. நீ என்ன பார்த்தே, அதை மட்டும் சொல்லு.”

“குடுமி இருந்துச்சு அண்ணா. நெஞ்சுல கோடு. தொண்டையிலயும் கோடு.”

“சரி. கால்?”

“கவனிக்கலை.”

“தலை பெரிசா, சின்னதா? உடம்போட சேர்த்துப் பார்த்தா?”

நான் பதில் சொல்லவில்லை.

“வால்ல பட்டை எத்தனை? பறக்கும்போது இறக்கையைத் தட்டையா வெச்சிருந்துச்சா, மேலே தூக்கியிருந்துச்சா?”

அதற்கும் பதில் இல்லை. நான்கு நிமிடத்தில் முதல் பத்து விநாடி பறவையைப் பார்த்திருக்கிறேன், மீதி நேரமெல்லாம் என் மனதில் இருந்த பெயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அண்ணன் திட்டவில்லை. “ஒன்பது படத்தையும் அனுப்பு. மோசமானதையும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மோசமான படங்களில்தான் விஷயமே இருந்தது. ஆறாவது படத்தில் தலை கிளைக்குப் பின்னால் மறைந்திருந்தது, அழித்துவிட நினைத்த படம். அதில் கால் தெளிவாகத் தெரிந்தது. இறகில்லாத மஞ்சள் கால். குடுமிக் கழுகுக்கு விரல்கள் தொடங்கும் இடம்வரை காலில் இறகு மூடியிருக்கும், பைஜாமா போட்டதுபோல. அந்த ஒரு படத்தோடு என் குடுமிக் கழுகு முடிந்துபோனது. எட்டாவது, பறக்கத் தொடங்கியபோது எடுத்த கலங்கல் படம். கறுத்த வாலின் குறுக்கே அகலமான வெளிர்பட்டை ஒன்று. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் பெருமையாக அனுப்பிய ‘நல்ல’ படத்தைத் திரும்பப் பார்த்தேன். நீண்ட கழுத்து. அந்த உடம்புக்குப் பொருந்தாத சின்னத் தலை, கிட்டத்தட்டப் புறாவின் தலை. சாம்பல் நிற முகம், கருவிழி. புருவ மேடு இல்லாததால் கழுகுகளுக்கே உரிய அந்தக் கோபப் பார்வையும் இல்லை, கொஞ்சம் அப்பாவியாகக்கூட இருந்தது. எல்லாம் என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது.

தேன் பருந்து. ஆண்.

இதில் ஏமாந்தது நான் மட்டும் இல்லை என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. இரைகொல்லிகளில் தேன் பருந்து அளவுக்கு ஒரே இனத்துக்குள் நிறம் மாறும் பறவைகள் குறைவு. கிட்டத்தட்டக் கறுப்பு, செம்பழுப்பு, வெளிர் மஞ்சள், வெள்ளை நெஞ்சு, நெஞ்சில் கோடு, கோடில்லாதது, வயிற்றில் குறுக்குப் பட்டை என்று ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. அதைவிடச் சுவையான விஷயம், சில தேன் பருந்துகளின் இறகுக் கோலம் அதே பகுதியில் வாழும் குடுமிக் கழுகு வகைகளை ஒத்திருக்கிறது. தேன் பருந்துக்கு அலகும் நகமும் சண்டைக்கு ஏற்றவை அல்ல, அதனால் வலுவான கழுகின் வேடம் போட்டால் மற்ற இரைகொல்லிகள் நெருங்கத் தயங்கும் என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து. முடிந்த முடிவாக அதை யாரும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஆறுதலாக இருந்தது. வேடம் எனக்காகப் போட்டது இல்லை என்றாலும் மாட்டிக்கொண்டது நான்.

அதற்குப் பிறகு நான் பறவை பார்க்கும் விதம் மாறியது. முதல் மாற்றம், நிறத்தைக் கடைசிக்குத் தள்ளியது. நிறம்தான் முதலில் கண்ணைப் பிடிக்கும், ஏமாற்றுவதும் அதுதான். வெயில் பின்னால் இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்பு. வெயில் கீழிருந்து, அதாவது மணலிலோ தண்ணீரிலோ பட்டு எதிரொளித்தால், இறக்கையின் அடிப்பக்கம் வெளிறித் தெரியும். பறவையின் வயது வேறு குழப்பும். செம்பருந்தின் குஞ்சு வளர்ந்து பறக்கும்போது செம்மையும் இருக்காது, வெள்ளைத் தலையும் இருக்காது, கரும்பருந்துபோலப் பழுப்பாகத் திரியும். ‘செம்பருந்து என்றால் வெள்ளைத் தலை’ என்று மனப்பாடம் செய்தவர் அதைக் கரும்பருந்து என்றே எழுதுவார். வால் நுனி வட்டமாக இருக்கிறதா, பிளவுபட்டிருக்கிறதா என்று பார்க்கிறவருக்குக் குழப்பமில்லை.

வால் பிளவிலும் ஒரு பொறி உண்டு. கரும்பருந்துக்கு வால் நுனி உள்வளைந்து பிளந்திருக்கும் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். வாலை முழுதாக விசிறிபோல விரித்தால் அந்தப் பிளவு மறைந்து நுனி நேராகிவிடும். இறகு உதிர்க்கும் காலத்தில் ஓர இறகுகள் விழுந்திருந்தாலும் பிளவு தெரியாது. அப்படி ஒரு பருந்தை ‘அரிய கழுகு’ என்று அரை மணி நேரம் துரத்தியவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். யார் என்று சொல்ல மாட்டேன். அப்போது காப்பாற்றுவது வாலின் அசைவு. கரும்பருந்து பறக்கும்போது வாலைச் சுக்கான்போல இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருக்கும். அதை ஒரு முறை மனதில் வாங்கிவிட்டால் தூரத்துப் புள்ளியாக இருந்தாலும் தெரிந்துவிடும்.

அண்ணன் எனக்குக் கொடுத்த வீட்டுப்பாடம்கூட அதுதான். “ஒரு மாசம் கரும்பருந்தை மட்டும் பாரு. வேற ஒண்ணும் வேண்டாம்.” முதல் வாரம் சலிப்பாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். தினமும் தலைக்கு மேல் சுற்றும் பறவையில் பார்க்க என்ன இருக்கிறது? ஆனால் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், நாற்பது பருந்துகள் வட்டமடித்துக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒன்று மட்டும் ‘சரியில்லை’ என்று தோன்றியது. என்ன சரியில்லை என்று சொல்லத் தெரியவில்லை. பைனாகுலரை வைத்தேன். இறக்கைகளைச் சற்றே மேலே தூக்கி ஆங்கிலத்தின் வி எழுத்துபோல வைத்துக்கொண்டு, தாழ்வாகச் சாய்ந்து சாய்ந்து மிதந்தது. பூனைப் பருந்து. புதிய பறவையை அடையாளம் காண்பதற்குப் பழகிய பறவையை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேன், செய்திருக்க மாட்டேன்.

இறக்கையை எப்படிப் பிடிக்கிறது என்பதை இப்போது முதல் கேள்வியாக வைத்திருக்கிறேன். காற்றில் வட்டமடிக்கும்போது தேன் பருந்து இறக்கைகளைத் தட்டையாக வைத்திருக்கும். குடுமிப் பாம்புக் கழுகு மேலே தூக்கியிருக்கும், கூடவே இறக்கையின் அடியில் பின்விளிம்பை ஒட்டி அகலமான வெள்ளைப் பட்டை ஓடும், பெரும்பாலும் கத்திக்கொண்டே சுற்றும். மீன் பிடித்துத் தின்னும் விராலடிப்பானுக்கு இறக்கை மணிக்கட்டில் மடங்கி, தூரத்திலிருந்து பார்க்கக் கடற்காகம்போல இருக்கும். வல்லூறு வகைகளுக்கு நுனி கூர்மை, கழுகுகளுக்கு நுனியில் இறகுகள் விரல்போலப் பிரிந்து நிற்கும். படம் எடுத்திருந்தால் அந்த விரல்களை எண்ணலாம். சின்ன இரைகொல்லியான வைரிக்கு ஐந்து, நம் தேன் பருந்துக்கு ஆறு. ஐரோப்பாவின் தேன் பருந்துக்கு ஐந்துதான் என்பதால், இரண்டும் வரக்கூடிய இடங்களில் விரல் எண்ணுவது பெரிய துணை. கண்ணால் எண்ண முயற்சிக்க வேண்டாம், நடக்காது.

அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் தவறியது இதில்தான். வெறும் வானத்தில் அளவு என்று ஒன்று கிடையாது. அருகில் பறக்கும் சின்னதும் தொலைவில் பறக்கும் பெரியதும் கண்ணுக்கு ஒன்றே. ஒரு முறை வேகமாக, கூர்மையான இறக்கையோடு போன ஒன்றை வல்லூறு என்று மூன்று பேர் சேர்ந்து முடிவு செய்தோம். திரும்பி எங்கள் தலைக்கு மேலே வந்தபோது அது உழவாரன். கையளவுப் பறவை. அன்றிலிருந்து ‘பெரியது’, ‘சிறியது’ என்று குறிப்பில் எழுதுவதில்லை. பக்கத்தில் வேறொரு பறவை வந்தால் அதோடு ஒப்பிட்டு மட்டுமே எழுதுவேன். இதற்குக் காகங்களைப்போல உதவி செய்வார் யாரும் இல்லை. இரைகொல்லியைக் கண்டால் அவை சும்மா இருக்காது, துரத்திக் கொத்தப் போகும். அந்த நேரத்தில் கைக்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிடும். வீட்டுக் காகம் ஏறத்தாழ 40 செ.மீ. நீளம். வைரி அதைவிடச் சிறியது, 30 செ.மீ. சுற்றுவட்டாரம். தேன் பருந்து 55 முதல் 65. பெண் ஆணைவிடப் பெரியது என்ற இரைகொல்லிகளின் வழக்கத்தையும் நினைவில் வைக்க வேண்டும். மனிதக் கணக்கில் யோசித்தால் ஜோடியில் ஆணையும் பெண்ணையும் மாற்றி எழுதிவிடுவோம்.

ஒரு பறவை இரைகொல்லிதானா என்பதே சில நேரம் கேள்விதான். அக்காக்குயிலைப் பாருங்கள். சாம்பல் முதுகு, நெஞ்சில் பட்டை, வாலில் பட்டை, மஞ்சள் கண் என்று அச்சு அசல் வைரி. பறப்பதும் அப்படியே, சில சிறு பறவைகள்கூட அதைக் கண்டு பதறும். உட்கார்ந்த பிறகு அலகைப் பார்த்தால் கொக்கிபோல வளைந்திருக்காது, வேடம் கலைந்துவிடும். தோற்றத்தை வைத்து உறவு சொன்னதில் விஞ்ஞானிகளும் சறுக்கியிருக்கிறார்கள். வல்லூறுகளைப் பருந்து, கழுகுகளின் நெருங்கிய சொந்தம் என்றே நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். 2008-ல் வந்த பெரிய மரபணு ஆய்வு ஒன்று, அவை கிளிகளுக்கும் குருவி வகைகளுக்கும்தான் நெருக்கம் என்று காட்டியது. வளைந்த அலகும் கூர் நகமும் மட்டும் நெருங்கிய சொந்தத்துக்குச் சான்று ஆகாது.

சரி, களத்தில் இப்போது என்ன செய்கிறேன்? தெரியாத இரைகொல்லி ஒன்று தெரிந்தால் முதலில் நிற்கிறேன். நெருங்குவதில்லை. கையேட்டைத் திறப்பதில்லை. கையேட்டைத் திறந்தால் கண் அதில் உள்ள படத்தைத் தேடத் தொடங்கிவிடும், பறவையைப் பார்க்காது. கைப்பேசியில் குரல் பதிவை ஓடவிட்டு, பார்ப்பதை மெதுவாகச் சொல்லிக்கொண்டே போவேன். “தலை சின்னது. கழுத்து நீளம். கால் தெரியலை. இப்போ திரும்புது. வால்ல ரெண்டு பட்டை, ஒண்ணு நுனியில அகலமா.” பக்கத்தில் யாராவது இருந்தால் பைத்தியம் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும். கையால் எழுதினால் கண்ணை எடுக்க வேண்டியிருக்கும், பேசினால் எடுக்க வேண்டாம். ‘கால் தெரியலை’ என்று சொல்வது முக்கியம். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று பதிவு செய்யாவிட்டால், வீட்டுக்கு வந்து கையேட்டைப் பார்த்ததும் நினைவு தானாக ஒரு காலை வரைந்து கொடுத்துவிடும். எனக்குக் கொடுத்திருக்கிறது.

அப்புறம் படம். அழகான படத்துக்கு ஆசைப்படாமல் எடுப்பது பழக்கமாக வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது ஒன்றிரண்டு போதும். பறக்கும்போது விடாமல் எடுக்க வேண்டும், அது திரும்பும்போது மேல்பக்கமும் கிடைக்கும். வானம் பின்னணியாக இருந்தால் கேமராவில் வெளிச்ச ஈடு (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) ஒன்று, ஒன்றரைப் படி கூட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நிழலுருவம் மட்டும்தான் மிஞ்சும். பெயர் உறுதியாகும்வரை எதையும் அழிக்கக் கூடாது. அன்று அந்த ஆறாவது படத்தை அழித்திருந்தால் இன்றுவரை குடுமிக் கழுகு என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

படம் கொடுத்தால் பெயர் சொல்லும் செயலிகளைப் பற்றிக் கேட்பார்கள். நானும் பயன்படுத்துகிறேன், ஆனால் ஒரே பறவையின் மூன்று படங்களைத் தனித்தனியே கொடுக்கிறேன். மூன்றுக்கும் ஒரே பெயர் வந்தால்தான் அந்தப் பெயரைப் பற்றி யோசிக்கவே தொடங்குவேன். தேன் பருந்தின் ஒன்பது படங்களைக் கொடுத்துப் பார்த்தபோது மூன்று வேறு பெயர்கள் வந்தன. அதில் குடுமிக் கழுகும் இருந்தது, அதற்காக அந்தச் செயலிமேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது. செயலிக்கு நாம் கொடுப்பது ஒரு கணத்தின் உருவம் மட்டும். அது எப்படிப் பறந்தது, என்ன செய்தது, எந்த மாதம் என்பதெல்லாம் நம்மிடம் இருக்கிறது. மாதம் என்றதும் நினைவு வருகிறது: தேன் பருந்துகளில் ஆண்டு முழுவதும் ஒரே வட்டாரத்தில் இருப்பவையும் உண்டு, வெகுதூரம் வலசை போகிறவையும் உண்டு. ஜப்பானில் கூடு கட்டுகிற சிலவற்றின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் கிழக்குச் சீனக் கடலைக் கடந்து, சீனா, மலாய் தீபகற்பம் வழியாக இந்தோனேசியாவரை போகின்றன. அதனால் வலசைக் காலத்தில் எதிர்பாராத இடத்தில், எதிர்பாராத நிறத்தில் ஒன்று வந்து உட்கார்ந்தால் வியப்பதற்கில்லை.

மூன்று வாரம் கழித்து அதே குன்றுக்குப் போனேன். இந்த முறை பாறையடியில் உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பாறை முகட்டின் அடியில் தொங்கிய மலைத்தேனீக் கூட்டின் பக்கம் ஒரு சலசலப்பு. அதே பறவையா என்று சொல்ல முடியாது, ஆனால் அதே சின்னத் தலை. கூட்டில் மோதி, அடையில் ஒரு துண்டைப் பிய்த்துக் காலில் இடுக்கிக்கொண்டு, ஒரு கிளைக்கு வந்து உட்கார்ந்தது. தேனீக்கள் மேகம்போல அதைச் சுற்றின. அது கண்ணைக்கூடச் சிமிட்டாததுபோல, அடையின் அறைகளிலிருந்து புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது. முகத்தில் செதில்போல நெருங்கிப் படிந்த சிறு இறகுகள் கொட்டுகளிலிருந்து அதைக் காக்கின்றன. பெயரில் தேன் இருந்தாலும் அது முதன்மையாகத் தேடுவது தேனை அல்ல, தேனீ, குளவிகளின் புழுக்களை. குறுகிய அறைக்குள் நுழையத் தோதான அலகு, அதைத் தாங்கும் சின்னத் தலை. கையேட்டில் அடையாளம் என்று படித்த ஒவ்வொன்றும் அதன் சாப்பாட்டோடு பொருந்துவதைப் பார்த்தபோது, இனி இந்தப் பறவையை மறக்க மாட்டேன் என்று தோன்றியது.

அன்று இரவு பழைய பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டேன். குடுமிக் கழுகு என்று ஏழு இடங்களில் எழுதியிருந்தேன். நான்குக்குப் படம் இருந்தது. இரண்டு தேன் பருந்து, ஒன்று உண்மையிலேயே குடுமிக் கழுகு, கால்வரை இறகோடு. நான்காவது படத்தில் வயிறும் ஒரு இறக்கையும் மட்டும்தான், அண்ணனும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இ-பேர்டு போன்ற பதிவுத் தளங்களில் இனம் தெரியாதபோது ‘பகலில் திரியும் இரைகொல்லி, இனம் உறுதியில்லை’ என்பதுபோலப் பொதுவாகப் பதியவும் இடம் வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் அதைத் தோற்றவர்களுக்கான கட்டம் என்று நினைத்துத் தொட்டதே இல்லை. அந்த நான்காவதையும், படமே இல்லாத மூன்றையும் அதற்கு மாற்றினேன்.

மாற்றி முடித்துவிட்டு அண்ணனிடம் சொன்னேன். “ஏழுல ஒண்ணு தேறிச்சா? பரவாயில்லையே” என்றார். பிறகு, “என் முதல் வருஷத்து நோட்டு இன்னும் இருக்கு. நீ வரும்போது காட்டுறேன், யார்கிட்டயும் சொல்லாதே.”